ஒரு சாண் பட்டு

தைத்து முடித்த கோட்டை உதறிக் கொடியில் போட்டேன். வெயில் அதன்மேல் விழுந்தது.

உடம்புப் பகுதி நீலமாக இருந்தது. கை இரண்டும் அரக்கு நிறத்தில் இருந்தன.

ஒரே துணிதான். ஒரே தறியில் நெய்த ஐந்து முழம் பட்டு. முந்தின நாள் டியூப்லைட் வெளிச்சத்தில் தைத்து முடித்தபோது எல்லாம் ஒரே ஊதாவாகத்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் இரண்டு பேருடைய கோட்டைப் பிய்த்து ஒன்றாகத் தைத்த மாதிரி இருக்கிறது. கொடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது, அரக்கு அரக்காகவே இருந்தது.

'யா அல்லா' என்று கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உஷா அமெரிக்காவுக்குப் புறப்பட வேண்டும்.

சேலை வேண்டாம்ப்பா

உஷா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அய்யம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் நாகராஜன் அண்ணன் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். கும்பகோணத்துக் கடைகளுக்குக் கல்யாணச் சேலை நெய்பவர். அமாவாசை தவிர மற்ற நாளெல்லாம் அவர் வீட்டில் தறி ஓசை கேட்கும். அவர் சம்சாரம் சரஸ்வதி அக்கா நூலுக்குச் சாயம் ஏற்றுவார். எந்நேரமும் மணிக்கட்டு வரை ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அந்தக் கையோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஜைனம்பு, காப்பித்தூள் இருக்கா?" என்று கேட்பார்.

அவர்களுக்கு ஒரே பெண் உஷா. திருச்சியில் கம்ப்யூட்டர் படித்தாள். நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கு அந்தக் கதவு எஸ்.டி.டி. பூத்துக் கண்ணாடிக் கதவாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை எங்கள் பக்கத்து ஆம்பிளைகள்தான் துபாய்க்கும் சவூதிக்கும் போவார்கள். இப்போது ஒரு நெசவாளி வீட்டுப் பெண்ணை, அதுவும் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். தெருவே திருவிழாவானது.

மகளுக்கென்று சேலை நெய்ய நாகராஜன் அண்ணன் நூலை எடுத்தார். உஷா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"சேலையெல்லாம் வேணாம்ப்பா. அங்க யாருப்பா கட்டுறது? பெட்டியில இடத்தை அடைச்சுக்கும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் இரண்டு நாள் தறிக்குழியில் இறங்கவில்லை. அமாவாசையும் இல்லை, என்ன சத்தத்தையே காணோம் என்று நான் போய்ப் பார்த்தேன். மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல இருக்குற பொண்ணுங்களுக்கெல்லாம் நெய்ஞ்சு குடுத்தேன் தங்கச்சி. எம் பொண்ணு என் துணியில ஒரு இழை இல்லாமப் போறாளாம்" என்றார்.

கேட்ட எனக்கே மனசு கேட்கவில்லை. பெற்ற பெண்ணுக்குக் கேட்குமா? மறுநாள் உஷாவே இறங்கி வந்தாள். "கோட்டுன்னா போட்டுக்குறேன்ப்பா. அங்க குளிருமாம். இங்கருந்தே போட்டுக்கிட்டு பிளேன் ஏறுறேன்" என்றாள்.

அப்படித்தான், வாழ்நாளெல்லாம் சேலை மட்டுமே நெய்த மனுஷன் கோட்டுத் துணி நெய்ய உட்கார்ந்தார்.

புருஷன் பெண்சாதி சண்டை

உட்கார்ந்ததும் வந்தது சண்டை. என்ன நிறம்?

"நீலம். அதான் கோட்டுக்கு மரியாதையா இருக்கும்" என்றார் அண்ணன்.

"நல்ல காரியத்துக்குப் போற பொண்ணுக்கு யாராச்சும் நீலம் குடுப்பாங்களா? அரக்குதான்" என்றார் அக்கா.

மூன்று நாள் அந்த வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து நியாயம் கேட்டார்கள். அவர் வந்தால் நீலம் அழகு என்பேன். அக்கா வந்தால் அரக்குக்கு ஈடு உண்டா என்பேன். கடைசியில் பாவுக்கு அவர் நீலம், ஊடைக்கு அக்காவின் அரக்கு என்று பஞ்சாயத்து முடிந்தது. நீளவாட்டில் ஓடுகிற நூல் பாவு. குறுக்கே ஓடுகிற நூல் ஊடை.

அக்கா கொல்லையில் செப்பு அண்டாவை ஏற்றி, நூலை முக்கி முக்கி எடுத்துச் சாயம் ஏற்றினார். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்த சமயம். அலசிய நூலை மூங்கிலில் மாட்டித் தொங்கவிட்டபோது நான்கூட நின்று பார்த்தேன். "நல்லாப் பார்த்துக்க ஜைனம்பு. நாளைக்கு இதே பொடியைப் போட்டாலும் இந்த நெறம் வராது. வேற ஒண்ணுதான் வரும்" என்றார்.

நெய்து முடித்ததும் பார்த்தால், மடிப்பில் அங்கங்கே அரக்கு எட்டிப் பார்த்தாலும், நீளவாட்டில் பிடித்தால் நீலந்தான் முன்னால் நின்றது. அண்ணனுக்கு மீசையில் சிரிப்பு. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எப்பவும் அவர் பேச்சுதான் எடுபடும்" என்றார்.

கோட்டு தைக்கத் தெரியாத தையல்காரி

அந்தத் துணியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். ஏன் என்னிடம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நான் அப்போது தைத்ததெல்லாம் ரவிக்கை, நைட்டி, பிள்ளைகளுக்குக் கவுன். என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிக்கு மேல் வீடுகளில் ஆம்பிளை வெளிநாட்டில்தான். அவர்கள் அனுப்புகிற வழுவழு பாலியஸ்டர் துணிதான் எனக்கு வரும். அந்தத் துணியை எப்படிப் போட்டு வெட்டினாலும் ஒன்றுதான். நீளம், குறுக்கு, கோணல் எல்லாம் அதற்குச் சமம். அதிலேயே வெட்டிப் பழகிய கை எனக்கு.

கடைத்தெருவில் ஒரு தையல்காரர், "கோட்டு தைக்கிறது பொம்பளைங்க வேலையா?" என்றாராம். இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி போன வாரம், உங்களுக்குக் கோபம் அதிகமோ என்று எழுதிக் கேட்டிருந்தார். அதிகந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்பது உறைத்தது. நல்ல வேளை, மச்சான், அதான் என் வீட்டுக்காரர், ஒரு தடவை பெட்டியில் ஒரு கோட்டு அனுப்பியிருந்தார். அய்யம்பேட்டை வெயிலுக்குக் கோட்டு! என் மாமியார் அதை நெல் மூட்டைக்கு மேல் போர்த்தி வைத்திருந்தார். அதை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். காலருக்குள் கான்வாஸ் எப்படி நிற்கிறது, தோளில் என்ன வைத்திருக்கிறார்கள், லைனிங்கை எங்கே மடித்திருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் பார்த்துத் தாளில் வரைந்து வைத்தேன். மச்சானுக்குக் கடிதத்தில், 'நீங்கள் அனுப்பிய கோட்டு ரொம்பப் பிரயோஜனமாக இருந்தது' என்று எழுதினேன். பாவம், போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பார்.

உஷாவுக்கு முழங்கால் வரை நீளம், நின்ற காலர், முன்பக்கம் துணியிலேயே சுற்றிய ஐந்து பொத்தான். இப்படித்தான் வேண்டும் என்று நானும் அவளும் பேசிப் பேசி வரைந்தோம். அந்த ஒரு வாரம் நான் அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

ஆசை யாரை விட்டது

இனிமேல் சொல்லப்போவதை என் வீட்டில் சிலருக்கே சொல்லியிருக்கிறேன்.

துணியை மேஜையில் விரித்து, வரைந்த தாள்களை மேலே அடுக்கினேன். முன், பின், காலர் எல்லாம் சரியாக உட்கார்ந்தன. கை இரண்டையும் நீளவாட்டில் வைத்தால் துணி முழுக்கச் சரியாகப் போய்விடும். குறுக்கே திருப்பி வைத்தால் ஒரு சாண் மிஞ்சும்.

என் மகள் ரஹீமாவுக்கு அப்போது ஐந்து வயது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, தொங்குகிற பட்டைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது எனக்கா?" என்றாள்.

பெருநாள் வேறு வந்துகொண்டிருந்தது. ஒரு சாண் துணி அகல முழுக்க இருந்தால் அவளுக்குக் கையில்லாத ரவிக்கை ஒன்று வந்துவிடும். அண்ணன் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை, கோட்டுக்குக் கோட்டும் ஆச்சு, பிள்ளைக்கு ரவிக்கையும் ஆச்சு என்று மனசு கணக்குப் போட்டது.

வெட்டுத் துண்டைத் துணிக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். அதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் கையைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். மிஞ்சிய சாணை மடித்து மிஷின் டிராயருக்குள் வைத்தேன்.

பாலியஸ்டரில் பழகிய புத்தி, பட்டு ஒவ்வொரு திக்கிலும் ஒவ்வொரு நிறம் காட்டும் என்று யோசிக்கவேயில்லை. நீளவாட்டில் வெட்டிய உடம்பில் அண்ணனின் நீலம் நின்றது. குறுக்கே வெட்டிய கையில் அக்காவின் அரக்கு வந்து நின்றது.

கிணற்றுக் கட்டையிலிருந்து எழுந்து போய் அந்தச் சாண் துணியை எடுத்து அளந்தேன். ஒரு கைக்குக்கூடப் போதாது. அழுதால் நீளுமா? தறியில் பாவு தீர்ந்துவிட்டது. புதிதாகச் சாயம் ஏற்றி நெய்ய இரண்டு நாள் எங்கே போதும்? இந்தக் கோட்டு கெட்டால் அந்த மனுஷன் பயந்த மாதிரியே, அவர் கைத்துணி இல்லாமல்தான் பெண் பிளேன் ஏறும். அதற்குக் காரணம் நான்.

இதுதான் மாடல்

கோட்டை ஒரு பையில் போட்டு, சாண் துணியை அடியில் வைத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

தறி ஓசை நின்றது. அண்ணன் குழியிலிருந்து ஏறி வந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கோட்டை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். உஷா பின்னால் ஓடி வந்தாள். அவர் முதலில் காலரைத் தொட்டார். அப்புறம் கையைத் தொட்டார். விரல் நின்றது.

"கை ரெண்டும் குறுக்க வெட்டிருக்கியா தங்கச்சி?"

பாழாய்ப்போன வாய்! "ஆமாண்ணே. இப்ப வெளிநாட்டுல இதான் மாடல்" என்றது.

அவர் என்னை ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்டிருந்தால் நான் சண்டைகூடப் போட்டிருப்பேன். அவர் தலையை ஆட்டினார். "அப்படியா? சேலை நெய்யிறவன், எனக்கு என்ன தெரியும் இதெல்லாம். நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. பையில் கையை விட்டு அந்தச் சாண் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாடலும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. இதை மிச்சம் பிடிக்கத்தான் கையைத் திருப்பிப் போட்டேன். ரஹீமாவுக்கு ரவிக்கை தைக்கலாம்னு. நெறம் மாறும்னு தெரியல. தெரிஞ்சே செஞ்சது துணி எடுத்தது மட்டுந்தான்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். உஷா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கியதை நான் மறக்க மாட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கேட்டிருந்தா ஒரு முழம் சேர்த்து நெய்ஞ்சிருப்பேனே தங்கச்சி" என்றார்.

என்னை இரண்டு அறை அறைந்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. நின்ற இடத்திலேயே தலை குனிந்து நின்றேன்.

அப்போது கொல்லைப் பக்கமிருந்து சரஸ்வதி அக்கா வந்தார். கை முழுக்க மஞ்சள் சாயம். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் கோட்டைப் பார்த்துவிட்டார். சாயம் படாமல் முழங்கையால் உஷாவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அடியே, என் அரக்கு!" என்றார். "இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே ஜைனம்பு? நான் அன்னிக்கே சொல்லல, கோட்டுக்கு அரக்கு எடுக்கும்னு! போடுடி உஷா, போட்டுக் காட்டு!"

உஷா போட்டுக்கொண்டாள். தோளிலும் இடுப்பிலும் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. கையைத் தூக்கி அரக்கைப் பார்த்தாள். குனிந்து நீலத்தைப் பார்த்தாள். "அப்பா உடம்புல, அம்மா கையில. இனிமே சண்டை போடாதீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அவளும் அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் அவளைச் சுற்றி ஒரு நடை வந்தார். காலரை நிமிர்த்திவிட்டார். "அரக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் தோற்றேன் என்று அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு தெருவெல்லாம் சொன்னார்.

நான் கிளம்பும்போது அந்தச் சாண் துணியைப் பையில் திரும்பப் போட்டார் அண்ணன். வேண்டாம் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"பிள்ளைக்குத் தைச்சுப் போடு. இதையாவது நேரா வெட்டு" என்றார்.

வெள்ளிக்கிழமை வேனில் ஏறும்போது உஷா அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தாள். அந்த வெயிலில், ஐந்து பொத்தானையும் மாட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொல்லி எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. என் தப்பை அந்த வீட்டில் யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் மூன்று பேர் என்னிடம் பட்டுத் துணி கொண்டுவந்தார்கள். அனுப்பியது யார் என்று கேட்டால், "நாகராஜன்தான் சொன்னாரு" என்றார்கள். நான் இன்றைக்குச் சாப்பிடுகிற சோறு அந்த வீடு போட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

கேட்டு எடுத்தது

சென்ற மாதம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அதே கோட்டு.

உஷா போனில் பேசினாள். அவள் மகளுக்கு இப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா, பாட்டியின் கோட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாளாம். சரஸ்வதி அக்கா அங்கே மகளோடுதான் இருக்கிறார். கோட்டில் பாதி அக்காவுடையது என்று பேத்திக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அவளுக்கு மார்புகிட்ட பத்தல அத்தை. கொஞ்சம் பெருசு பண்ணணும். கையை மட்டும் மாத்திடாதீங்க" என்றாள் உஷா.

தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விடுவதற்குத் துணி இல்லை. துணியை மிச்சம் பிடித்தவள்தானே நான், உள்ளே எங்கே விட்டிருப்பேன்? அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் பட்டி கொடுத்தால் போதும். ஆனால் அந்த நிறத்துக்கு எங்கே போவது? நாகராஜன் அண்ணன் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. கடையில் எத்தனை ஊதா எடுத்து வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் ஒட்டவில்லை.

அப்புறம்தான் பெட்டி ஞாபகம் வந்தது. ரஹீமா இரண்டு பெருநாள் போட்ட அந்தச் சின்ன ரவிக்கையை வேப்பிலை வைத்து மடித்து வைத்திருந்தேன். எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன். கோட்டு கொஞ்சம் வெளுத்திருந்தது, இருந்தாலும் ஒரே அண்டாவில் முங்கிய நூல், பார்த்ததும் தெரிந்தது. நீளம் ஒரு சாண் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

கத்தரிக்கோல் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டு, ஷார்ஜாவில் இருக்கும் ரஹீமாவுக்குப் போன் போட்டேன்.

"உன் பட்டு ரவிக்கையைப் பிரிக்கவாம்மா?" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அதை அவள் தன் மகளுக்கென்று நினைத்திருந்தாள், எனக்குத் தெரியும்.

"பிரிங்கம்மா. அது அவங்க வீட்டுதுதானே" என்றாள். "எதுக்கும்மா இதைப் போய்க் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

போனை வைத்துவிட்டு, துணியை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாவு எது, ஊடை எது என்று பார்த்து, நேராக வெட்டினேன்.